இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுத்துவிட்டால் அதோடு முடிந்துவிட்டதா?

"அப்பாவின் ஆஸ்பத்திரி செலவைத் தர முடியாது என்று கடிதம் வந்துவிட்டது, வக்கீல் வைக்க வசதியில்லை, விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். நான் சட்டம் படித்தவன் இல்லை, பாலக்கோட்டில் உரக்கடை வைத்திருக்கிறேன். ஆனால் இதே சண்டையைக் கடைசி வரை போட்டிருக்கிறேன்.

அம்மா பெயரில் 2018-ல் எடுத்த மருத்துவப் பாலிசி. ஒரு வருடம்கூட விடாமல் புதுப்பித்தோம். 2024 கடைசியில் பித்தப்பைக் கல்லுக்கு சேலத்தில் ஆபரேஷன். கேஷ்லெஸ் கிடைக்கவில்லை, நகையை வைத்துக் கட்டினோம். பில்லை அனுப்பினால், பாலிசி எடுக்கும் முன்பே இருந்த சர்க்கரை நோயை மறைத்துவிட்டீர்கள் என்று பதில் வருகிறது. ஆதாரம், டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த ஒரு வரி: "10 வருடமாகச் சர்க்கரை". வயிற்று வலியில் துடித்துக்கொண்டிருந்த அம்மா, டூட்டி டாக்டர் கேட்டதற்கு "ரொம்ப வருஷமா இருக்கு சாமி" என்றார். அது 10 ஆகிவிட்டது.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதே மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தத் திட்டம் தொடங்கியதே 2021 ஆகஸ்டில், பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். அப்படியிருக்க 2018-ல் எதை மறைப்பது? அந்தத் திட்டத்தில் கொடுத்த அட்டையின் நகலையும், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் வாங்கிய திருத்தக் கடிதத்தையும் வைத்து கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். பழைய கடிதத்தையே தேதி மாற்றி அனுப்பினார்கள். என் அம்மாவைப் பொய்க்காரி என்று எழுதியதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிதாக வலித்தது.

நோயை மறைத்துப் பாலிசி எடுப்பவர்களுக்கு வழி சொல்கிறேன் என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம். 2024-ல் வந்த விதிப்படி, மருத்துவப் பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தாய் என்று சொல்லி மறுக்க முடியாது. முன்பு இது 8 வருடம். ஆயுள் காப்பீட்டுக்கு 1938-ம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு இருக்கிறது, அங்கே 3 வருடம். மறுக்கும்போது பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டியதும் அவர்கள் கடமை. போனில் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடுத்து இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர். கம்பெனிக்குப் புகார் கொடுத்து ஒரு மாதம் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ அங்கே போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலை அனுமதிப்பதும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரை விசாரிக்கிறார்கள். நமக்கான அலுவலகம் சென்னையில். சென்னை என்றதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மாவட்டத் தலைநகரான தருமபுரியில் ஸ்டேஷன் இருந்தும் சென்னைக்கு ரயில் பிடிக்க மொரப்பூர் ஓட வேண்டியிருக்கிறது. நல்லவேளையாக எங்கள் விசாரணை வீடியோவில் நடந்தது. அம்மாவே பேசினார். அட்டையில் இருந்த தேதியைப் பார்த்ததும் கம்பெனி தரப்பில் சொல்ல எதுவும் இல்லை. முழுத் தொகையும் வந்தது.

ஆம்பட்ஸ்மேன் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் தருமபுரியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கேயும் கட்டணம் இல்லை. ஏஜென்ட் "விடுங்கண்ணா, பெரிய கம்பெனி" என்பார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது.

உங்கள் கடிதத்தில் என்ன தேதி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆம்பட்ஸ்மேனிடம் போக, கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருடம்தான் அவகாசம்.