20,000 பவுண்டு எப்படி 4,800 ஆனது?

தொகை சரிதான்; நிலத்தைக் குறைத்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆண்டுக்கு 20,000 பவுண்டு விவசாய மானியம் வந்துகொண்டிருந்த, வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியா ஆட்டுப்பண்ணைக்கு 2025இல் 4,800 மட்டும் வந்தது, குத்தகை வயலை விட்டதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் 2024 முதல் இந்த மானியம் நிலத்தோடு கட்டப்பட்டதே அல்ல.

பிரெக்ஸிட்டுக்குப் பின் ஐரோப்பிய ஒன்றிய மானியத்தை ஆண்டுதோறும் வெட்டி 2027உடன் நிறுத்துவது என்பது திட்டம். 2025இல் முதல் 30,000 பவுண்டில் 76 சதவீதம் வெட்டு. அதற்கு மேற்பட்ட தொகைக்கு மானியமே இல்லை.

சரிபார்க்க: 2020 முதல் 2022 வரை கிடைத்த மானியத்தின் சராசரியை உங்கள் இணையக் கணக்கில் பாருங்கள். அதை 0.24ஆல் பெருக்குங்கள். விடை பொருந்தாவிட்டால் மட்டும் முறையிடுங்கள்.

எனக்குக் கவலை 2025க்கு அடுத்த ஆண்டைப் பற்றித்தான். 2026இல் வெட்டு 98 சதவீதம், அதாவது உங்களுக்கு 400 பவுண்டு. தீவனக் கடைப் பாக்கிக்கே அது காணாது. மலைப்பகுதி ஆட்டுப்பண்ணைகள் பல இந்த மானியத்தால்தான் நட்டமின்றி நின்றன. ஆகவே மானியத்தைச் சுழியம் என்று வைத்து இன்றே வரவு செலவு போடுங்கள். எத்தனை ஆடுகளைத் தீவனம் வாங்காமல் சொந்தப் புல்லிலேயே வளர்க்க முடியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். மந்தையைக் குறைத்தால் லாபம் கூடுகிற பண்ணைகளும் உண்டு.

சுற்றுச்சூழல் பணிகளுக்கான புதிய திட்டத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். 2025 மார்ச்சில் புதிய விண்ணப்பங்களைத் திடீரென மூடினார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே அந்தப் பணத்தைக் கணக்கில் சேருங்கள்.

இவை இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து விதிகள் வேறு.