பிளேடைக் கழற்றி அடுத்த சேசிஸில் செருகினால் போதுமா?

கேள்வி: எங்கள் டேட்டா சென்டரில் இரண்டு ஹெச்பி சி7000 சேசிஸ் (பல சர்வர்களை ஒன்றாகச் செருகும் பெட்டி) இருக்கின்றன. முதலாவதில் 5-ஆம் ஸ்லாட்டில் இருக்கும் பிஎல்460சி ஜென்9 பிளேடை (செருகும் வகை சர்வர்) இரண்டாவது சேசிஸுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அதில் இஎஸ்எக்ஸ்ஐ (விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறது, சானிலிருந்து (தனி ஸ்டோரேஜ் நெட்வொர்க்) பூட் ஆகிறது. இரண்டு சேசிஸிலும் விர்ச்சுவல் கனெக்ட் (பிளேடுகளை நெட்வொர்க்கோடும் சானோடும் இணைக்கும் மாட்யூல்கள்) உண்டு, ஆனால் தனித்தனி டொமைன், அதாவது தனித்தனி நிர்வாகம். ஆஃப் செய்து, உருவி, அங்கே செருகினால் போதுமா? ஞாயிறு இரவு 4 மணி நேரம் டவுன்டைம் கிடைத்திருக்கிறது.

பதில்: போதாது. உருவிச் செருகும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் செருகிய பிளேடு பூட் ஆகாது. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை தானாகத் தெளிவாகும்.

விர்ச்சுவல் கனெக்ட் உள்ள சேசிஸில் ஒரு சர்வரின் மேக் முகவரி, டபிள்யூடபிள்யூஎன் (சானில் சர்வரின் முகவரி), எந்த ஸ்டோரேஜ் போர்ட்டில் எந்த லன்னிலிருந்து (ஸ்டோரேஜ் ஒதுக்கித் தரும் டிஸ்க்) பூட் ஆக வேண்டும் என்ற விவரம் எல்லாமே சர்வர் ப்ரொஃபைலில் இருக்கும். அந்த ப்ரொஃபைல் ஸ்லாட்டோடு ஒட்டியது, பிளேடோடு வராது. நீங்கள் பிளேடை உருவியதும் அது 5-ஆம் ஸ்லாட்டிலேயே தங்கிவிடும். பிளேடு தன்னுடைய ஃபேக்டரி முகவரிகளுக்குத் திரும்பிவிடும். உங்கள் சான் சுவிட்சும் ஸ்டோரேஜும் அந்த முகவரிகளை இதுவரை பார்த்ததே இல்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. காலியான 5-ஆம் ஸ்லாட்டில் யாராவது ஸ்பேர் பிளேடு ஒன்றைச் செருகினால், பழைய சர்வரின் அடையாளம் முழுவதும் அதற்குப் போய்விடும்.

இரண்டு சேசிஸும் ஒரே டொமைனில் இருந்திருந்தால் (ஸ்டாக்கிங் கேபிள் போட்டு 4 சேசிஸ் வரை சேர்க்கலாம்) ப்ரொஃபைலை ஒரு ஸ்லாட்டிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. தனித்தனி டொமைன் என்பதால் இரண்டு வழிகள். இரண்டையும் ஒன்வியூ அல்லது விர்ச்சுவல் கனெக்ட் என்டர்பிரைஸ் மேனேஜர் ஒன்றாக நிர்வகித்தால், ப்ரொஃபைலை முகவரிகளோடு அப்படியே நகர்த்தலாம். அது இல்லையென்றால் இரண்டாவது டொமைனில் புது ப்ரொஃபைல், புது முகவரிகள். ஒரே ஒரு பிளேடுக்கு இந்த இரண்டாவது வழியே சுத்தம் என்பது என் கருத்து. பழைய முகவரிகளையே கையால் அங்கே கொண்டுவரும் முயற்சியில் இறங்காதீர்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு: பிளேடு இல்லாத காலி ஸ்லாட்டுக்கும் ப்ரொஃபைல் போடலாம். எனவே ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். புதன்கிழமையே ப்ரொஃபைலை உருவாக்கிவிடுங்கள். புது டபிள்யூடபிள்யூஎன்கள் அப்போதே கிடைத்துவிடும். ஸ்டோரேஜ் குழு ஜோனிங்கை (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்று சான் சுவிட்சில் வரையறுப்பது) முன்கூட்டியே முடித்து, ஸ்டோரேஜில் அதே ஹோஸ்டின் கீழ் இவற்றையும் சேர்த்துவைக்கலாம். பூட் லன்னின் எண் மாறக்கூடாது என்று அவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். இரண்டாவது சேசிஸின் ஃபைபர் சேனல் மாட்யூல்கள் எந்த ஃபேப்ரிக்கில் (ஏ, பி என இரண்டாகப் பிரித்த சான் சுவிட்ச் தொகுதி) போய் முடிகின்றன, எதிர் முனை சுவிட்ச் போர்ட்டில் என்பிஐவி (ஒரே போர்ட்டில் பல டபிள்யூடபிள்யூஎன்களை அனுமதிக்கும் வசதி) இயங்குகிறதா என்றும் பாருங்கள். ஏ, பி இரண்டும் இடம் மாறிக் கேபிள் போட்டிருந்தால் ஜோனிங் சரியாக இருந்தும் லன் தெரியாது. நெட்வொர்க் பக்கம், இந்த ஹோஸ்டுக்கு வேண்டிய எல்லா விலேன்களும் (ஒரே கேபிளில் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகள்) புது டொமைனில் இருக்கின்றனவா என்று ஒன்றுவிடாமல் ஒப்பிடுங்கள். மேனேஜ்மென்ட் விலேன் வேலை செய்வதைப் பார்த்து நிம்மதியாகி, விமோஷன் (ஓடும் விஎம்களை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் வசதி) விலேன் இல்லாததைத் திங்கள் காலையில் கண்டுபிடிப்பது வழக்கமாக நடக்கிறது.

அப்புறம், இரண்டு டொமைன்களும் ஹெச்பியின் ஒரே முகவரி வரம்பிலிருந்து எடுக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். தயாராக 64 வரம்புகள் இருக்கின்றன. ஒரே டேட்டா சென்டரில் ஒவ்வொரு டொமைனும் வேறு வேறு வரம்பை எடுத்திருக்க வேண்டும். ஒரே வரம்பு என்றால் புது ப்ரொஃபைலின் முகவரி ஏற்கெனவே வேறொரு சர்வரிடம் இருக்கக்கூடும். இது தெரியவந்தால் ஞாயிறு வேலையைத் தள்ளிவையுங்கள்.

எந்த ஸ்லாட்டில் செருகுவது என்பதும் முக்கியம். சி7000-இல் மேல் வரிசை 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. மின்விசிறி 10 வரை பொருத்தலாம். 6 மட்டுமே இருந்தால் 1 முதல் 4, 9 முதல் 12 ஸ்லாட்கள்தான் பயன்படும். மின்சாரமும் அப்படித்தான்: பவர் ஆன் செய்யும்போது பிளேடு ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டரிடம் (சேசிஸை நிர்வகிக்கும் மாட்யூல்) அனுமதி கேட்கும். மாற்று ஏற்பாட்டுக்கு (ரிடண்டன்சி) ஒதுக்கியது போக மீதி இல்லையென்றால் அனுமதி கிடைக்காது. அடுத்தது மெசனைன் கார்டு (பிளேடினுள் செருகும் கூடுதல் அடாப்டர்). பிளேடின் உள்ளே இருக்கும் நெட்வொர்க் அடாப்டர் பின்பக்கத்து 1, 2 மாட்யூல்களுக்கும், முதல் மெசனைன் 3, 4-க்கும், இரண்டாவது மெசனைன் 5 முதல் 8 வரைக்கும் போகும். பழைய சேசிஸில் ஃபைபர் மாட்யூல் 3, 4-இல் இருந்து, புதியதில் 5, 6-இல் இருந்தால், கார்டையும் இரண்டாவது இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, ஞாயிறு இரவுக்கு வருவோம். முதலில் இரண்டு டொமைன்களின் கான்ஃபிகரேஷனையும் பேக்கப் எடுங்கள். ஹோஸ்டை மெயின்டனன்ஸ் மோடில் வைத்து, விஎம்கள் எல்லாம் நகர்ந்தபின் முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். செருகியவுடன் தானாக ஆன் ஆகும் அமைப்பை முன்பே நிறுத்திவையுங்கள். பழைய ப்ரொஃபைலை 5-ஆம் ஸ்லாட்டிலிருந்து விடுவியுங்கள், நீக்க வேண்டாம். யூஐடி (பிளேடை அடையாளம் காட்டும்) நீல விளக்கைப் போட்டு, அது எரியும் பிளேடைத்தான் தொடுகிறீர்கள் என்று உறுதி செய்துகொண்டு உருவுங்கள். 16 பிளேடு வரிசையாக ஒரே மாதிரி இருக்கும் இடம், அதுவும் நள்ளிரவு. காலியான ஸ்லாட்டில் உடனே பிளாங்க் (வெற்று மூடி) போட்டுவிடுங்கள், காற்றோட்டத்துக்கு அது தேவை.

செருகும் முன் டார்ச் அடித்து ஸ்லாட்டின் ஆழத்தில் மிட்பிளேனை (எல்லா பிளேடுகளும் போய் இணையும் நடுப்பலகை) பாருங்கள், பிளேடின் பின்பக்கக் கனெக்டரையும் பாருங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிளேடில் ஒரு கனெக்டர் கெட்டால் ஒரு சர்வர்தான் போகும். மிட்பிளேனில் ஒரு பின் வளைந்தால் அதை மாற்ற சேசிஸையே நிறுத்த வேண்டும். அத்தனை பிளேடுகளும் இறங்கும். லீவர் திறந்தபடி இரண்டு கையாலும் தாங்கி நேராகத் தள்ளுங்கள், நின்ற இடத்தில் லீவரை மூடுங்கள். இறுக்கமாக இருந்தால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள்.

ஐலோ (பிளேடைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் சிப்) எழுந்துவர ஓரிரு நிமிடம் ஆகும். ஐலோவுக்கு ஸ்லாட் வாரியாக ஐபி கொடுத்திருந்தால் அது மாறியிருக்கும், மானிட்டரிங்கில் திருத்துங்கள். பிளேடு புது ப்ரொஃபைலை ஏற்றுக்கொண்டதைப் பார்த்தபின்பே பவர் ஆன் செய்யுங்கள்.

இஎஸ்எக்ஸ்ஐ எழுந்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, எனக்கு இது பட்டுத் தெரிந்தது. மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸான விஎம்கே0, நிறுவியபோது இருந்த முதல் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை எழுதிவைத்துக்கொள்ளும். கார்டின் முகவரி மாறினாலும் இது பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு எந்தக் கோளாறும் தெரியாது. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி மாற்றிவிட்டு, பழைய ப்ரொஃபைலையும் நீக்கிவிட்டோம். நான்கு மாதம் கழித்து ஒரு புது ஹோஸ்டுக்கு விர்ச்சுவல் கனெக்ட் அந்த விடுபட்ட முகவரியைக் கொடுத்தது. இரண்டு ஹோஸ்ட்களும் விசென்டரில் (ஹோஸ்ட்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வந்து வந்து போயின. இரண்டு நாள் கேபிளையும் சுவிட்சையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். அதனால் ஷட்டவுன் செய்யும் முன்பே அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் நெட்.ஃபாலோஹார்ட்வேர்மேக் மதிப்பை 1 ஆக்குங்கள். புது இடத்தில் எழுந்தபின் விஎம்கே0-இன் முகவரி மாறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மாறாவிட்டால் கன்சோலிலிருந்து அந்த இன்டர்ஃபேஸை நீக்கிப் புதிதாக உருவாக்குங்கள்.

4 மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் தாண்டியும் பூட் லன் தெரியவில்லை என்றால், தேடுவதை நிறுத்திவிட்டு பிளேடைப் பழைய 5-ஆம் ஸ்லாட்டுக்கே கொண்டுபோங்கள். பழைய ப்ரொஃபைலைத் திரும்பக் கொடுத்தால், மெசனைன் கார்டை மாற்றியிருந்தால் அதையும் பழைய இடத்தில் வைத்தால், அரை மணி நேரத்தில் முன்பு இருந்த நிலை. எல்லாம் சரியாக நடந்தால் ஒரு வாரம் விட்டுப் பழைய ப்ரொஃபைலை நீக்குங்கள். அன்றைக்கே பழைய டபிள்யூடபிள்யூஎன்களையும் ஜோனிங்கிலிருந்து எடுத்துவிடும்படி ஸ்டோரேஜ் குழுவிடம் சொல்லிவிடுங்கள்.