கலாதான் சாலைக்காக இந்தியா அரக்கான் ஆர்மிக்கு ஆயுதம் கொடுத்தால் என்ன தவறு?

கலாதான் என்பது கொல்கத்தாவிலிருந்து கடல் வழியாகப் பர்மாவின் சித்வேக்கும், அங்கிருந்து ஆற்று வழியாகப் பலெட்வாவுக்கும், பிறகு சாலை வழியாக மிசோரத்துக்கும் இந்தியா போடும் பாதை. அரக்கான் ஆர்மி என்பது பர்மாவின் மேற்கே அரக்கான் (ரக்கைன்) மாநிலத்தில் இராணுவத்தோடு சண்டை போடும் ஆயுதப் படை. கேட்டவரின் வாதம் இது: சித்வே துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களும் பலெட்வாவும் அரக்கான் ஆர்மி வசம் போய்விட்டன. நேபிடோவில் உட்கார்ந்திருக்கும் இராணுவ அரசால் அங்கே ஒரு லாரி ஜல்லி கூட இறக்க முடியாது. ஆகவே இந்தியா அந்தப் படைக்கே ஆயுதமும் பணமும் கொடுத்துச் சாலையை முடித்துக்கொள்ளலாமே, எதிரிக்கு எதிரி நண்பன்தானே என்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வரைபடத்தைப் பார்த்துக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். வரைபடத்தில் அது சரியாகத்தான் தெரியும். ரங்கூனிலும் மோல்மேனிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட யோசனைகளின் பின்விளைவு வீட்டு வாசலுக்கு வருகிறது. அதனால்தான் நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இராணுவ ஆட்சிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 2021 பிப்ரவரி 1 அன்று நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு அநியாயம். அதை எதிர்க்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து ஒரு அரசாங்கம் தன் காரியத்துக்காக ஒரு படையை வளர்த்தால் அந்தப் படை என்ன ஆகிறது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

பர்மாவில் இதன் முதல் பாடம் கோமிண்டாங் படை. மாவோவிடம் தோற்ற சீன தேசியவாதச் சிப்பாய்கள் ஓரிரு ஆயிரம் பேர் 1950 தொடக்கத்தில் யுன்னானிலிருந்து எல்லை தாண்டி ஷான் மலைக்கு வந்தார்கள். தலைவர் ஜெனரல் லீ மி. கொரியாவில் போர் தொடங்கியதும், சீனாவுக்குப் பின்புறத்தில் ஒரு தொந்தரவு கொடுக்கலாம் என்று சிஐஏ கணக்குப் போட்டது. பாங்காக்கில் ‘சீ சப்ளை’ என்று ஒரு கம்பெனியை முன்னால் நிறுத்தி, சிவில் ஏர் டிரான்ஸ்போர்ட் விமானங்களில் ஆயுதம் அனுப்பினார்கள். மோங்சாட் விமானத் தளம் அவர்களுடைய தலைமையிடம் ஆனது. ரங்கூனில் இருந்த அமெரிக்கத் தூதர் டேவிட் கீ என்பவருக்கே இதைச் சொல்லவில்லை. பர்மிய அமைச்சர்கள் கேட்கும்போதெல்லாம் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், 1952இல் பதவியை விட்டுப் போனார்.

1951 நடுவில் லீ மியின் படை யுன்னானுக்குள் நுழைந்து கெங்மாவைப் பிடித்தது. சில வாரங்களில் அடித்துத் துரத்தப்பட்டது. அடுத்த ஆண்டு மறுபடி முயன்றும் அதே கதிதான். அத்தோடு சீனாவுடன் சண்டை போடும் வேலை முடிந்துவிட்டது, ஆனால் படை முடியவில்லை. 1953க்குள் உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு பன்னிரண்டாயிரம் பேர் வரை வளர்ந்துவிட்டார்கள். கிராமத்துக்கு இவ்வளவு அரிசி, வீட்டுக்கு இவ்வளவு அபின் என்று வசூல் நடந்தது. கோவேறு கழுதை வரிசைகளில் அபின் தாய்லாந்துக்கு இறங்கியது. அவர்களில் ஒருவரான ஜெனரல் துவான் 1967இல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையிடம் காரணத்தை ஒளிக்காமல் சொன்னார்: சண்டைக்குப் படை வேண்டும், படைக்குத் துப்பாக்கி வேண்டும், துப்பாக்கிக்குப் பணம் வேண்டும், இந்த மலையில் அபின்தான் பணம் என்று.

பர்மா 1953இல் ஐ.நா.வுக்குப் போனது. அமெரிக்க உதவியே வேண்டாம் என்று நிறுத்தியது. ஐ.நா. தீர்மானத்துக்குப் பிறகு ஏறத்தாழ ஏழாயிரம் பேர் விமானத்தில் தைவானுக்கு அனுப்பப்பட்டார்கள். அதில் ஒப்படைத்த துப்பாக்கிகள் கொஞ்சம், அவற்றிலும் பல துருப்பிடித்தவை. வந்தவர்களில் சீனர்களே அல்லாத ஷான், லாஹு பையன்களும் இருந்தார்கள். நல்ல ஆயுதமும் நல்ல சிப்பாயும் காட்டிலேயே தங்கிவிட்டன. கடைசியில் 1961 ஜனவரி வாக்கில் சீனப் படையும் பர்மியப் படையும் சேர்ந்து அடித்த பிறகுதான் பெரிய முகாம்கள் காலியாயின. அடுத்த மாதம் தைவானிலிருந்து சாமான் போட வந்த விமானத்தைப் பர்மிய விமானப் படை சுட்டு வீழ்த்தியது. அமெரிக்கச் சாமான்கள் பிடிபட்ட செய்தி வந்ததும் ரங்கூனில் தூதரகத்தின் முன் கலவரம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்கத் தொடங்கிய திட்டம் பர்மாவைச் சீனாவின் பக்கம் தள்ளியது. அதைவிடப் பெரிய நஷ்டம் உள்நாட்டுக்கு. இந்தப் படையை விரட்டுகிறேன் என்று ஷான் மாநிலத்துக்குள் போன பர்மிய இராணுவம் அங்கேயே நிர்வாகம் செய்யப் பழகியது. அந்தக் கெடுபிடியில் நொந்த ஷான்கள் 1958இல் ஆயுதம் எடுத்தார்கள். 1962 மார்ச் 2 அன்று இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். எல்லாவற்றுக்கும் கோமிண்டாங் மட்டுமே காரணம் என்று சொன்னால் தவறு, ஆனால் அது பெரிய பங்கு.

ஏன் இப்படி ஆனது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். துப்பாக்கி கொடுத்தவன் கையில் பிடி இருக்கும் என்று நினைக்கிறோம். ஒரு துப்பாக்கி நாற்பது வருஷம் உழைக்கும். கொடுத்த அன்றே அது வாங்கியவனுடையது. பிடி இருப்பது தினசரி தேவைப்படும் பொருளில்: தோட்டா, அரிசி, பெட்ரோல், மருந்து, பணத்தை மாற்றும் இடம், சாமானை விற்கும் சந்தை. தோட்டாவிலும் அளவு முக்கியம். சீன வகைத் துப்பாக்கிக்கு 7.62 மி.மீ. வேண்டும், பர்மிய இராணுவத்தின் எம்ஏ வகைத் துப்பாக்கிக்கு 5.56 மி.மீ. ஒரு படை எதிரியின் கிடங்கைப் பிடித்து எதிரியின் துப்பாக்கிக்கே மாறிவிட்டால், நீங்கள் தோட்டாவை நிறுத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. அதே மாதிரி, சாலையில் தனக்கென்று நாலு கேட் போட்டு லாரிக்கு இவ்வளவு என்று வசூலிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் படைக்கு உங்கள் பணமும் அவசியம் இல்லை. வாஷிங்டனுக்கு ஷான் மலையோடு எல்லை கிடையாது, அரிசி கிடையாது, சந்தை கிடையாது. விமானம் நின்றதும் அபின் அந்த இடத்தை நிரப்பியது.

சீனாவுக்கு எல்லை இருந்தது. அப்படியும் கைமீறியது. 1967இல் ரங்கூனில் சீனர்கள் மீது நடந்த கலவரத்துக்குப் பிறகு, 1968 ஜனவரி 1 அன்று பர்மா கம்யூனிஸ்ட் கட்சிப் படை சீன எல்லையிலிருந்து மோங்கோவுக்குள் இறங்கியது. துப்பாக்கி, மருந்து, ஆலோசகர் எல்லாம் பெய்ஜிங் கொடுத்தது. சீனாவில் டெங் சியாவோபிங் காலத்தில் உதவி குறைந்ததும் கட்சி எல்லை வணிகத்திலும் அபினிலும் வரி போட்டுப் பிழைத்தது. 1989இல் மார்ச்சில், சீன எல்லையை ஒட்டிய கோகாங் பகுதியின் படை கட்சியிலிருந்து பிரிந்தது. ஏப்ரல் 17 அன்று பாங்சாங்கில் வா என்ற மலை இனத்துச் சிப்பாய்கள் கட்சித் தலைமையகத்தையே பிடித்துக்கொண்டார்கள். வயதான பர்மியத் தலைவர்கள் ஆற்றைத் தாண்டிச் சீனாவுக்கு ஓடினார்கள். புரட்சிக்கென்று கொடுத்த ஆயுதக் கிடங்கு வா படையின் முதலீடு ஆனது. இன்று அந்தப் படையில் இருபதாயிரத்துக்கு மேல் ஆள். அபின், பிறகு மெத் மாத்திரை. அரக்கான் ஆர்மி உட்பட மற்றப் படைகளுக்கும் அங்கிருந்து துப்பாக்கி போயிருக்கிறது.

பர்மிய இராணுவமும் இதே தவறைச் செய்து கெட்டது. 2009இல் கோகாங்கில் தனக்கு அடங்காதவர்களை விரட்டிவிட்டு, பாய் சுவோசெங் குழுவை எல்லைக் காவல் படை என்று நாற்காலியில் உட்கார வைத்தது. அவர்கள் கோகாங்கின் தலைநகரான லௌக்காயைச் சூதாட்ட ஊராகவும் ஆன்லைன் மோசடி ஊராகவும் ஆக்கினார்கள். சீனக் குடிமக்களே அங்கே அடைபட்டு அடி வாங்கியதில் பெய்ஜிங்குக்குப் பொறுமை போய்விட்டது. 2023 அக்டோபர் 27 அன்று கோகாங்கிலிருந்து விரட்டப்பட்டவர்களும் அரக்கான் ஆர்மியும் உட்பட மூன்று படைகள் சேர்ந்து இராணுவத்தைத் தாக்கியபோது சீனா குறுக்கே வரவில்லை. 2024 ஜனவரியில் லௌக்காய், ஆகஸ்டில் இராணுவத்தின் வடகிழக்குக் கட்டளைத் தலைமையகத்தோடு லாஷியோ நகரம் என்று அவர்கள் கைக்குப் போயின. லாஷியோ விழுந்ததும் சீனாவுக்கு இது அதிகமாகத் தெரிந்தது. எல்லைக் கேட்டை மூடினார்கள், மின்சாரத்தையும் இணையத்தையும் வெட்டினார்கள். 2025 ஏப்ரலில் லாஷியோ இராணுவத்திடம் திரும்பியது. பிடி எங்கே இருந்தது பாருங்கள்: கேட்டில்தான்.

லௌக்காய் விழுந்த அடுத்த மாதமே, 2024 பிப்ரவரி 10 அன்று, இராணுவ ஆட்சியாளர்கள் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. கோகாங் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ரங்கூன் தமிழ்ப் பையனும் பட்டியலில் வந்தான்.

இனி இந்தியா. ‘இந்தியா பொறுப்பான நாடு, அப்படிச் செய்யாது’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். 1998 பிப்ரவரியில் அந்தமானின் லேண்ட்ஃபால் தீவில் ‘ஆபரேஷன் லீச்’ நடந்தது. ஆயுதம் கடத்த வந்தவர்கள் என்று சொல்லி ஆறு பேர் கொல்லப்பட்டார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் பல வருஷம் சிறையில் இருந்தார்கள். இறந்தவர்களில் அரக்கானியக் கட்சித் தலைவர்கள் இருந்தார்கள். இந்திய உளவு அதிகாரி ஒருவர் தங்களோடு பழகி, தளம் தருவதாக அழைத்துத்தான் வந்தோம் என்று பிழைத்தவர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். அதே அரக்கானியர்களிடம்தான் இப்போது நண்பனாகப் போகச் சொல்கிறீர்கள். அவர்கள் கையை நீட்டி வாங்கிக்கொள்வார்கள், நம்ப மாட்டார்கள். இலங்கை உதாரணத்தை நான் விரிக்கவில்லை. 1983க்குப் பிறகு பயிற்சி கொடுத்தது யார், 1987 அக்டோபரில் யாரோடு யார் சண்டை போட்டார்கள் என்பது தமிழில் படிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரிந்தே இதைச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. நேதாஜி 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். கூட்டாளி ஜப்பான். அதே மாதத்தில்தான் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அதில் செத்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் எத்தனையோ ஆயிரம். காலராவும் பட்டினியும் அடியும். நேதாஜியின் தியாகத்தை நான் ஒரு துளியும் குறைக்கவில்லை. ஆனால் ஒரே கூட்டாளி ஒரு கையால் தமிழனுக்குத் துப்பாக்கி கொடுத்து, மறு கையால் தமிழனைத் தண்டவாளத்தில் சாகடித்தான், தடுத்து நிறுத்தும் பலம் நம்மவர்களிடம் இல்லை. மோல்மேனுக்குத் தெற்கே தன்பியூசயாட் போர்க் கல்லறைக்குப் போனால் மூவாயிரத்துக்கு மேற்பட்ட நேச நாட்டுச் சிப்பாய்களுக்குப் புல்வெளியும் பெயர்ப் பலகையும் இருக்கின்றன. அது நியாயம்தான். அந்தக் கல்லறையில் தமிழ்க் கூலி ஒருவருக்கும் பெயர் இல்லை. இது எனக்கு ஆறாத கோபம்.

சரி, அரக்கான் ஆர்மி. 2009இல் கச்சின் மலையில் லைசாவில் தொடங்கிய படை இது. 2024 இறுதிக்குள் அரக்கானின் 17 டவுன்ஷிப்களில் 14 அவர்களிடம் வந்துவிட்டன. சித்வேயும் சீனக் குழாய்ப் பாதை தொடங்கும் சாவ்பியூவும் மட்டும் முக்கியமாக மீதி. ஆயுதத்தில் பெரும்பகுதி இராணுவத்திடம் பறித்தது. ஆகவே இந்தியத் துப்பாக்கியால் அவர்கள் மேல் எந்தப் பிடியும் கிடைக்காது. அவர்களுக்குக் குறைவாக இருப்பது அரிசி, எரிபொருள், மருந்து, சிமெண்ட். இராணுவம் சாலையையும் ஆற்றையும் அடைத்து வைத்திருப்பதால் இவை மிசோரம் வழியாகவும் வங்கதேசம் வழியாகவும்தான் வர முடியும்.

மூன்று சிக்கல்கள் வரும். பலெட்வா இருப்பது அரக்கானில் இல்லை, சின் மாநிலத்தில். அங்கே அரக்கான் ஆர்மி இருப்பதைச் சின் அமைப்புகள் பல விரும்பவில்லை. சின்களும் மிசோக்களும் உறவுக்காரர்கள். நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் பாதையின் இந்திய முனையிலேயே மறியல் வரும். இரண்டாவது, அரக்கானின் முஸ்லிம் மக்களான ரோஹிங்கியாக்கள். 2024இல் புத்திடாங் பக்கம் எரிந்த ஊர்களுக்காக அரக்கான் ஆர்மி மேல் கடுமையான குற்றச்சாட்டு இருக்கிறது, அவர்கள் மறுக்கிறார்கள். இராணுவமும் ரோஹிங்கியா இளைஞர்களைப் பிடித்து முன்னணியில் நிறுத்தியது. நாளை ஐ.நா. விசாரணையில் இந்திய முத்திரையோடு ஒரு தோட்டாப் பெட்டி கிடைத்தால் டாக்காவுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? மூன்றாவது, சித்வே துறைமுகம். கொல்கத்தாவிலிருந்து கடல்வழி 539 கிலோமீட்டர், சித்வேயிலிருந்து பலெட்வா வரை ஆறு 158, அங்கிருந்து எல்லைக்குச் சாலை 110. ஆறும் சாலையும் அவர்களிடம் இருந்தாலும் கப்பல் அணையும் இடம் இராணுவத்திடம். ஒருவனுக்கு ஆயுதம் கொடுத்த மறுநாள் மற்றவன் துறைமுகத்தை மூடுவான். பாதி வழி கிடைத்து என்ன பயன்?

ஆயுதம் இல்லாமல் செய்யக்கூடியது இருக்கிறது. அவர்களோடு வெளிப்படையாகப் பேசலாம். மிசோரம் எல்லையில் உள்ள ஜோரின்புய் வழியாக அரிசியும் மருந்தும் சிமெண்டும் எடை போட்டு, ரசீதோடு, மாதாமாதம் அனுப்பலாம். சின் அமைப்புகளையும் அதே மேசையில் உட்கார வைத்து, பலெட்வாவில் யார் கேட் காசு வாங்குவது, எவ்வளவு என்று எழுத்தில் முடிக்கலாம். ஊர் எரிந்தால் அடுத்த மாதச் சிமெண்ட் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம். சிமெண்டை நிறுத்த முடியும், மறுபடி திறக்கவும் முடியும். கொடுத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்கியவர்கள் ஷான் மலையில் இதுவரை யாரும் இல்லை.