டாக்டர் சம்பளம்: சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள். டாக்டர் ஆனதும் மாதம் லட்ச ரூபாய் வந்துவிடும் என்கிறார்களே? (ஓமலூர்)

நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. இந்த ஐந்தரை ஆண்டில் கைக்கு வருவது கடைசி ஆண்டின் உதவித்தொகை மட்டும். பிறகு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வில் வென்றால் உதவி மருத்துவர் வேலை. அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதன்மேல் சேரும். அந்தத் தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மேற்படிப்பு என்றால் இன்னும் மூன்று ஆண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்கும். வீட்டை அடமானம் வைக்கும் முன் இதை முதலில் பாருங்கள்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டர். 60,000 பேசினார்கள், வங்கியில் 54,000தான் ஏறுகிறது. (அஸ்தம்பட்டி)

உங்களைச் சம்பளக்காரராக அல்ல, தொழில்முறை ஆலோசகராகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி. அந்தப் பணம் போய்விடவில்லை. தொழில் வருமானத்தில் பாதியை லாபமாகக் காட்டும் உத்தேச வரித் திட்டத்தில் கணக்குத் தாக்கல் செய்யலாம். ஆண்டுக்கு 7,20,000, பாதி 3,60,000. வேறு வருமானம் இல்லையென்றால், 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையின் 4 லட்ச வரியில்லா வரம்புக்குள் இது அடங்கும். பிடித்த 72,000 முழுவதும் திரும்ப வரும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், பிடித்த பணத்தை மருத்துவமனை கட்டாமலே வைத்திருப்பது, அல்லது பான் எண்ணைத் தப்பாகப் போடுவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரித்துறை இணையதளத்தில் உங்கள் பிடித்தக் கணக்கைத் திறந்து பாருங்கள்.

இந்த ஏற்பாட்டில் உண்மையில் இழப்பது பி.எஃப்., பணிக்கொடை, சம்பளத்துடன் விடுப்பு ஆகியவை. மாதத்தில் எத்தனை 24 மணி நேர டியூட்டி, மறுநாள் ஓய்வு உண்டா, நோயாளி வழக்குப் போட்டால் கைகொடுக்கும் காப்பீட்டுக்குப் பிரீமியம் யார் கட்டுவது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி இளம் டாக்டர்கள் ஏமாறுவது வேதனையாக இருக்கிறது.

கேள்வி: அரசு டாக்டர் சொந்த கிளினிக் வைக்கலாமா? (ஆத்தூர்)

தமிழ்நாட்டில் பணி நேரத்துக்கு வெளியே வைக்கலாம். கிளினிக்கை மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பயன்படுத்திய ஊசிகள் துளைபடாத வெள்ளைப் பெட்டியில்தான் போக வேண்டும்.

கேள்வி: மகன் பணத்துக்காக டாக்டராக நினைக்கிறானா, மனசாரவா? (அம்மாப்பேட்டை)

பணம் வேண்டும் என்பது குற்றமில்லை. ஒரு காலை முழுக்க அவனை அரசு மருத்துவமனை புறநோயாளி வரிசையோரம் உட்கார வையுங்கள். ஒரு பாட்டி முடிச்சவிழ்த்து மாத்திரைப் பட்டைகளைக் கொட்டுவார். எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று டாக்டர் பிரித்துக் கொடுக்கும்போது, அவன் கண் அங்கே இருக்கிறதா, செல்போனில் இருக்கிறதா?

கேள்வி: ஏற்காட்டுப் பக்கம் போஸ்டிங். சேலத்திலிருந்தே தினம் போய்வரலாமா?

20 கொண்டை ஊசி வளைவு. மழையில் மண் சரிந்தால் குப்பனூர் வழிதான் சுற்ற வேண்டும். ராத்திரி பிரசவ வலியோடு ஒருத்தி வந்தால் நீங்கள் அடிவாரத்தில் இருக்கக்கூடாது. மேலேயே தங்குங்கள். இந்தப் பணி மேற்படிப்புக்கும் கைகொடுக்கும்: அரசுக் கல்லூரிகளின் மாநில இடங்களில் 50 சதவீதம் அரசுப் பணியில் உள்ள டாக்டர்களுக்கு. கடினப் பகுதிப் பணிக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை, மொத்தம் 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண் தர விதியில் இடமுண்டு. உங்கள் நிலையம் எந்தப் பட்டியலில் வருகிறது என்று சேரும்போதே கேட்டு, தேதியோடு பணிச்சான்று வாங்கி வையுங்கள்.