எல்லாரையும் காட்டினால் கதை கெட்டுப்போகுமா?

கேள்வி இதுதான்: "பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படங்களிலும் தொடர்களிலும் எல்லா மதம், சாதி, ஊர், உடல்நிலை உள்ளவர்களும் இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படிக் கொண்டுவரப் போனால் கதை கெட்டுப்போகிறது. இரண்டும் சேர்ந்து வர வழி உண்டா?"

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில், விளவங்கோடு பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. ஆண்டு விழா நாடகம் எழுதிப் பழக்குவது பல வருடமாக என் பொறுப்பு. அதை வைத்துச் சொல்கிறேன்: புது ஆட்களைக் கூட்டி வருவதால் கதை கெடுவதில்லை. கூட்டி வந்த ஆளுக்குக் கதையில் வேலை கொடுக்காததால்தான் கெடுகிறது. கறிவேப்பிலை மாதிரி வாசனைக்குப் போட்டுவிட்டு, சாப்பிடும்போது ஓரமாக ஒதுக்கிவைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

2019-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் கடைசியில் இரண்டு பெண்கள் முத்தமிட்டுக்கொள்வது சில நொடி வரும். சிங்கப்பூரில் அதை வெட்டிவிட்டுத்தான் திரையிட்டார்கள். வெட்டியதால் கதையில் ஒன்றும் அறுந்துபோகவில்லை, ஏனென்றால் அந்த முத்தத்துக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. இப்படிச் செய்தால், வேண்டாம் என்பவர்களுக்கும் எரிச்சல், வேண்டும் என்று காத்திருந்தவர்களுக்கும் ஏமாற்றம். ஒரு பாத்திரத்தை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே ஓடுகிறது என்றால், அந்தப் பாத்திரம் கணக்குக் காட்ட வந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நம் சினிமாவும் இதைச் செய்கிறதுதான். கிறிஸ்தவர் என்றால் கழுத்தில் சிலுவை, பின்னால் ஒரு பாதிரியார். முஸ்லிம் என்றால் நாயகனுக்காக உயிரை விடுகிற நண்பன். எங்கள் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி இந்துக்கள் ஏறக்குறைய 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் 47, முஸ்லிம்கள் 4. என் வகுப்பில் ஒரே பெஞ்சில் மூன்று மதமும் இருக்கும். அவர்கள் சண்டை போடுவது ஜன்னலோர இடத்துக்கு. இந்தப் பிள்ளைகளையே விழா மேடையில் ஒருவனுக்குத் தொப்பி, ஒருவனுக்குச் சிலுவை, ஒருவனுக்குத் திருநீறு என்று போட்டுக் கைகோத்து நிற்க வைக்கும்போது எனக்கு மனசே ஆறாது. பெஞ்சில் இருந்த உயிர் மேடையில் இருக்காது.

சரி, நன்றாகச் செய்தவர்கள் யார்? டிஸ்னிக்குச் சொந்தமான பிக்சார் நிறுவனத்தின் 'கோகோ' என்ற அனிமேஷன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் இறந்தவர்களை நினைக்கும் திருநாளைப் பற்றிய படம். முதலில் அந்தத் திருநாளின் பெயரையே வணிக முத்திரையாகப் பதிவு செய்ய 2013-ல் டிஸ்னி விண்ணப்பித்தது. மெக்சிகோ வம்சாவளியினர் கொதித்து எழுந்ததும் திரும்பப் பெற்றார்கள். கேலிச்சித்திரம் வரைந்து தாக்கிய லாலோ அல்காரஸ் என்ற ஓவியரையே பிறகு ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டார்கள். 2017-ல் படம் வந்தபோது அந்தச் சடங்குதான் கதையின் முடிச்சாகவே இருந்தது. வீட்டுப் படையலில் யாருடைய புகைப்படம் இல்லையோ அவர் அன்றைக்குத் தன் வீட்டுக்கு வர முடியாது. அந்த விதியை எடுத்துவிட்டால் படமே இல்லை.

இதை வகுப்பில் போட்டுக் காட்டினேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிற பிள்ளைகளும், ஆடி அமாவாசைக்கு அப்பாவோடு கன்னியாகுமரிக் கடலுக்குப் போகிற பிள்ளைகளும் இருக்கிற வகுப்பு. ஒருத்தி எழுந்து, "எங்க தாத்தாவுக்குப் போட்டோவே கிடையாதே டீச்சர், அவரு எப்பிடி வருவாரு?" என்று கேட்டாள். மெக்சிகோ எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவ்வளவு தூரத்துக் கதை அவள் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம், மெக்சிகோக்காரர்களை மெக்சிகோக்காரர்களாகவே விட்டதுதான். எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஊர் பேரை அழித்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் பக்கம் அம்மன் கொடை, சுடலை கொடை என்று கோயில் திருவிழா வந்தால் வில்லுப்பாட்டு உண்டு. பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை பாய் விரித்து உட்கார்ந்து கேட்கிற நிகழ்ச்சி. புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாட, குடமும் உடுக்கையும் கூடவே போக, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டுக்கொண்டே வருவார். அங்கே பாடப்படுகிற பலபேர் அநியாயமாகக் கொல்லப்பட்டு, பிறகு தெய்வமாக நிற்பவர்கள். ராஜா ராணி கதையில் பெயர்கூட இல்லாதவர்களுக்கு இங்கே ராத்திரி முழுக்கப் பாட்டு.

நெல்லையிலும் எங்கள் பக்கமும் பாடுகிற முத்துப்பட்டன் கதையைப் பாருங்கள். பிராமண இளைஞர் முத்துப்பட்டன், செருப்புத் தைக்கிற குடும்பத்தின் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையை விரும்பிவிடுகிறார். அப்பா வாலப்பகடை, பெரிய இடத்துச் சம்பந்தம் என்று வாயைப் பிளந்து பெண்ணைக் கொடுத்துவிடுவதில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கப் படித்துக்கொண்டு வா என்று நிபந்தனை போடுகிறார். ஒடுக்கப்பட்ட ஒருவரைப் பரிதாபமாகக் கைகட்டி நிற்க வைக்காமல், கதையைத் திருப்புகிற அதிகாரத்தை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை என்ன செய்வார் என்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்.

அதே நேரம் புலவருக்குப் போதனை செய்ய நேரம் கிடையாது. எதிரே பிள்ளைகள் தூங்கி விழுந்தால் உடனே ஒரு வேடிக்கைப் பேச்சை நுழைப்பார், இல்லையென்றால் பாட்டின் வேகத்தைக் கூட்டுவார். கூட்டம் எழுந்து போய்விட்டால் எவ்வளவு நல்ல கருத்தும் வீண் என்பது அவருக்குத் தெரியும். எழுத வருகிற இளைஞர்கள் ஒரு கொடை ராத்திரியாவது முழுசாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நான் உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் இதே மண்தான். நந்தனார் கதையை மாற்றி 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இருக்கிறது. நந்தனார் சிதம்பரத்துக்கு ஏங்கினார் என்றால் கிந்தன் படிப்புக்கு ஏங்குகிறான். குடும்பத்தோடு வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அந்தப் பையன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

என் நாடகங்களுக்கு வருகிறேன். 2017-ல் ஒக்கிப் புயல் அடித்த பிறகு கடப்புறம், அதாவது கடலோர மீனவர் ஊர்கள் என்றாலே எல்லா மேடையிலும் அழுகைதான். என் கடப்புறத்துப் பிள்ளைகள் ஒருநாள் கூட்டமாக வந்து, "நாங்க அழுவுற நாடகம் வேண்டாம் டீச்சர், பந்துக் கதை போடுவோம்" என்றார்கள். எங்கள் கடப்புறத்துத் தூத்தூர் வட்டாரத்தில் கால்பந்து எப்படி என்று கேரளா வரைக்கும் தெரியும். சரி என்றேன். இறுதி ஆட்டம் அன்றைக்கு ஒரு பையனின் அப்பா ஆழ்கடல் தூண்டிலுக்குப் போய் வாரக்கணக்காகிறது. பையன் அப்பாவின் பெரிய பூட்ஸுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு ஆட இறங்குகிறான். கடல் வாழ்க்கை கஷ்டம் என்று யாரும் வசனம் பேசவில்லை. அந்தப் பூட்ஸ் ஒவ்வொரு தடவை கழன்று விழும்போதும் முதலில் எல்லாரும் சிரித்தார்கள், போகப்போக அரங்கம் அமைதியானது.

அதே நாடகத்தில் சக்கர நாற்காலியில் வருகிற ஒரு பிள்ளை. வழக்கமாக அவளைப் பூ வேஷம் போட்டு முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். அவள் என்னிடம், "எனக்கு வில்லி வேஷம் தாருங்க டீச்சர்" என்றாள். வட்டிக்காரி ஆனாள். முதல் காட்சியில் ஐயோ பாவம் என்று கைதட்டினார்கள். இரண்டாவது காட்சியில் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வட்டி வந்தால்தான் பந்து என்று நின்றாளே, பின்னாலிருந்து ஒரு அம்மா வாய்விட்டே திட்டிவிட்டார். இறங்கி வரும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! நல்லவர்களாக மட்டுமே காட்டுவதும் ஒரு வகையில் ஒதுக்கிவைப்பதுதான். கெட்டவராக, கஞ்சராக, பிடிவாதக்காரராக இருக்கிற உரிமையும் வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியிலும் இது முடியும். அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' 2017-ல் ஆட்டிசம் உள்ள ஜூலியா என்ற பொம்மையைக் கொண்டுவந்தது. ஆட்டிசம் என்றால் இது என்று ஆரம்பத்திலேயே பாடம் எடுக்கவில்லை. பிக் பேர்ட் என்ற பெரிய பறவைப் பொம்மை பேசுகிறது, ஜூலியா பதில் சொல்லவில்லை. நம்மைப் பிடிக்கவில்லையோ என்று அதற்கு வருத்தம். அங்கிருந்துதான் கதை. பிறகு அவள் குதித்துக் குதித்து விளையாட, மற்றவர்களும் அவளோடு சேர்ந்து குதிக்கிறார்கள். ஜூலியாவை இயக்குகிறவரின் மகனுக்கும் ஆட்டிசம் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டால், அந்தக் காட்சி ஏன் அவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று புரியும்.

தமிழில் 2015-ல் வெளியான 'காக்கா முட்டை'யும் அப்படித்தான். குடிசைப் பகுதிச் சிறுவர்கள் இரண்டு பேருக்கு பீட்சா தின்ன ஆசை. அவ்வளவுதான் கதை. அந்த ஆசையின் பின்னால் ஓடுகிற நமக்கு, எந்தக் கதவு யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடுகிறது.

ஆகவே நீங்கள் எழுதுகிறவராக இருந்தால், இந்தச் சமூகத்தில் ஒருவர், அந்தச் சமூகத்தில் ஒருவர் என்று பட்டியல் போட்டு ஆரம்பிக்காதீர்கள். உங்கள் கதையில் வருகிற பிள்ளைக்கு என்ன வேண்டும், அது கிடைக்காமல் தடுப்பது எது என்று கேளுங்கள். ஊரும் மதமும் உடம்பும் அந்தத் தடையிலும், அதை அந்தப் பிள்ளை தாண்டுகிற விதத்திலும் வந்து சேரட்டும்.

அப்புறம், கடப்புறத்துக் கதை என்றால் கடப்புறத்துக்காரர் ஒருவரை எழுதத் தொடங்கும்போதே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்த பிறகு கூப்பிட்டுக் காட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்டால் அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் செய்கிற வேலைக்குச் சம்பளம் கொடுங்கள், பெயர் போடும்போது அவர் பெயரையும் எழுதியவர்கள் வரிசையிலேயே போடுங்கள்.