அரசியல் சாசனத்தில் விட்டுக்கொடுத்தது யார்? சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

சேலம் கோர்ட்டில் முப்பத்தைந்து வருடம் வழக்காடியவன் நான். நம் அரசியல் சாசனத்தை எழுதியபோது நடந்த சமரசங்கள் பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கொண்டலாம்பட்டி வாசகர்: அம்பேத்கர் ஒருவரே எழுதினார் என்பது சரியா சார்?

வரைவுக் குழுவில் ஏழு பேர். ஆனால் வேலை முழுக்க அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று அதே குழுவில் இருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரியே 1948 நவம்பரில், சாசனத்தை இயற்றிய அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். அதற்காக, சாசனத்தில் இருப்பதெல்லாம் அம்பேத்கர் விரும்பியது என்று நினைத்துவிடக் கூடாது. சபை எதற்கு ஒப்புக்கொண்டதோ அதுதான் நிலைத்தது.

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி: மதுவிலக்கை ஏன் கட்டாயமாக்காமல் விட்டார்கள்?

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். கள், சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-ல் விற்பனை வரி வந்தது. உங்கள் கடை பில்லில் இருக்கும் வரியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. காந்தியின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களுக்குச் சபையால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. எல்லா மாகாணங்களின் வருமானத்தையும் ஒரே நாளில் நிறுத்தவும் முடியாது. அதனால் 47-வது பிரிவாக, வழிகாட்டு நெறிகளில் வைத்தார்கள். அதைக் காட்டி யாரும் வழக்குப் போட முடியாது. கிராமப் பஞ்சாயத்து, பொது சிவில் சட்டம், பசுப் பாதுகாப்பு எல்லாம் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

நாகலூர், ஏற்காடு, மலையாளிப் பழங்குடி இளைஞர்: எங்கள் மலை ஐந்தாம் அட்டவணையில் இருக்கிறதா ஐயா?

இல்லை தம்பி. பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குத் தனி நிர்வாக ஏற்பாடு தருவது அந்த அட்டவணை. பழங்குடியினருக்கு உங்கள் தொகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் எந்த மலையும் அட்டவணைப் பகுதியாக அறிவிக்கப்படவில்லை. மாநில அளவில் ஒரு பழங்குடியினர் ஆலோசனைக் குழு உண்டு, அவ்வளவுதான். கிராமசபைக்கு அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே என்பதால் உங்கள் மலைக்கு ஏறி வரவில்லை. சபையில் ஆதிவாசிகளுக்காக ஓங்கிப் பேசியவர் ஜெய்பால் சிங் முண்டா. 'ஆதிவாசி' என்ற சொல்லையே சாசனத்தில் வைக்கச் சொன்னார், கிடைக்கவில்லை. மதுவிலக்கு விவாதத்திலும், அரிசியில் காய்ச்சும் பானம் எங்கள் வழிபாட்டோடு சேர்ந்தது என்று எதிர்த்து நின்றார். அவர் பக்கம் ஆள் பலம் இல்லை. ஆள் பலம் இல்லாதவரோடு செய்துகொண்டதைச் சமரசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மாப்பேட்டை ஆசிரியை: மொழி விஷயத்தில் தெற்குக்கு என்ன கிடைத்தது?

தவணை கிடைத்தது அம்மா. 1949 செப்டம்பர் 14 அன்று ஏற்ற, சபை உறுப்பினர்கள் கே. எம். முன்ஷியும் கோபாலசாமி அய்யங்காரும் வகுத்த சூத்திரப்படி தேவநாகரி எழுத்தில் இந்தி ஆட்சிமொழி. எண்கள் மட்டும் 1, 2, 3 என்ற சர்வதேச வடிவில். ஆங்கிலம் 15 ஆண்டு தொடரும். 'தேசிய மொழி' என்ற சொல்லை எங்கும் எழுதவில்லை. அந்தச் சபையில் இருந்த குமாரமங்கலம் ப. சுப்பராயன் அன்றைய சேலம் மாவட்டத்துக்காரர். 1955-ல் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்திலும் உறுப்பினராகி, அதன் அறிக்கைக்கு மாற்றுக் கருத்து எழுதினார். 1965-ல் தவணை முடிந்தபோது தமிழ்நாடு கொந்தளித்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். இது ஞாயமான சமரசம் என்பேன். இரண்டு தரப்பும் அவையில் உட்கார்ந்து பேரம் பேசின.

அஸ்தம்பட்டி சட்ட மாணவி: 21-வது பிரிவில் 'டியூ பிராசஸ்' என்ற சொற்களை ஏன் எடுத்தார்கள்?

1947-ல் சபையின் ஆலோசனைக் குழு ஒப்புக்கொண்ட வாசகத்தில், 'உரிய நீதிமுறை' என்று பொருள்படும் அந்தச் சொற்கள் இருந்தன. அதை வைத்தால் சட்டம் நியாயமானதா என்றே நீதிபதிகள் கேட்பார்கள். நிலச் சீர்திருத்தமும், வழக்கு நடத்தாமல் முன்கூட்டியே பிடித்து வைக்கும் தடுப்புக் காவலும் கோர்ட்டில் மாட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள். 'சட்டம் வகுத்த நடைமுறைப்படி' என்று மாற்றினார்கள். உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்க ஒரு சட்டம் இருந்தால் போதும் என்றாயிற்று. பலருக்கு இது உறுத்தியது. அம்பேத்கர் 1949 செப்டம்பரில் ஈடாகக் கொண்டுவந்ததுதான் இன்றைய 22-வது பிரிவு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம். அதே பிரிவில், தடுப்புக் காவலில் பிடித்தவருக்கு இந்த இரண்டும் கிடையாது. காவல் தேவைதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்திடம் கொண்டுபோகாமலே மூன்று மாதம் வைத்திருக்கலாம்.

நீங்கள் தினமும் கடந்துபோகும் சேலம் மத்திய சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சாசனம் நடைமுறைக்கு வந்து பதினாறே நாள். அந்த மே மாதமே, தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் போட்ட வழக்கில், சட்டம் வகுத்த நடைமுறை இருந்தால் போதும், அது நியாயமானதா என்று 21-வது பிரிவின் கீழ் கேட்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று 1978-ல் மேனகா காந்தி வழக்கில்தான் தீர்ப்பு வந்தது.

22-வது பிரிவு அப்படியே இருக்கிறது. மூன்று மாதத்தை இரண்டாகக் குறைக்க 44-வது திருத்தத்தில் எழுதினார்கள். அந்தப் பகுதியை இன்றுவரை அமலுக்குக் கொண்டுவரவில்லை. குண்டாஸ் என்னும் தடுப்புக் காவல் சட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் என் அலுவலகத்துக்கு வந்து, "கேஸே நடக்கலையே சாமி, அதுக்குள்ள எப்படி ஒரு வருசம்?" என்று கேட்பார்கள். இந்தப் பிரிவைத்தான் அவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.