முதுகில்லாத வேலி

கேள்வி: எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருந்த ஓலைப்படல் மக்கிவிட்டது. சுவர் எழுப்பினால் அவர்களுடைய அடுக்களை ஜன்னலுக்கு வெளிச்சம் குறையும் என்பதால், செலவைப் பாதிப் பாதியாகப் போட்டு மரவேலி அமைக்க இரு வீட்டாரும் முடிவு செய்திருக்கிறோம். நீளம் 40 அடி. நான் ஆறடி உயரத்துக்குப் பலகையை நெருக்கி அடிக்க விரும்புகிறேன். அவர்கள் இடைவெளி விட்ட பட்டி வேலியே போதும் என்கிறார்கள். எது பொருத்தம்?
– வாசகி, தென்காசி

பதில்: நீங்கள் இருப்பது தென்காசி என்பதே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்றுக்கு முன், இடுக்கில்லாமல் அடித்த ஆறடிப் பலகை வேலி விரித்த பாயைப் போல நிற்கும். பலகை தாங்கினாலும் கால்கள் ஆட்டம் கண்டுவிடும். மறைப்பு வேண்டும் என்ற உங்கள் விருப்பமும் நியாயமானதே.

ஆகவே, குறுக்குச் சட்டத்தின் உங்கள் பக்கத்தில் ஒரு பட்டியும் அவர்கள் பக்கத்தில் அடுத்த பட்டியுமாக மாற்றி மாற்றி அடித்து, ஒவ்வொரு பட்டியின் விளிம்பும் எதிர்ப்பக்கப் பட்டியின் விளிம்பை ஓர் அங்குலம் மூடும்படி அமைக்கச் சொல்லுங்கள். நேரே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. சட்டத்தின் தடிமன் அளவுக்கு உள்ள சந்து வழியே காற்று புகுந்து போய்விடும். சாதாரணப் பலகை வேலிக்கு முகம் ஒரு பக்கம், சட்டம் தெரியும் முதுகு மறுபக்கம். பாதிப் பணம் கொடுத்துவிட்டு முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குத்தான் மனம் வரும்? இந்த வேலிக்கு முதுகே கிடையாது.

உயரம் ஐந்தடி போதும். ஜன்னலுக்கு எதிரே மட்டும் நான்கடியாகக் குறையுங்கள். 20 ஆண்டுகள் இடையூறின்றி ஒரு ஜன்னல் வழியே பெற்றுவந்த வெளிச்சத்துக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்பு தருகிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

கால்களுக்கு மரம் வேண்டாம். என் பெரியப்பா வீட்டு வேலியில், இடுப்பளவில் ஆணி இறங்காத அளவுக்கு உறுதியாக இருந்த கால், மண்ணைத் தொடும் இடத்தில் திருப்புளியால் குத்தியதும் பிட்டாக உதிர்ந்தது. ஈரமும் கரையானும் கூடும் இடம் அதுதான். எட்டடிக்கு ஒன்றாக ஆறு கற்கால்களை, ஏழடி நீளத்தில் துளையிட்டு வாங்கி, இரண்டடி மண்ணுக்குள் போகும்படி நட்டுவிட்டால், சட்டத்தை போல்ட்டு போட்டு முடுக்கிவிடலாம். பழைய வீடு இடித்த இடத்தில் வைரம் பாய்ந்த பனங்கை கிடைத்தால் சட்டத்துக்கு அதற்கு நிகர் வேறில்லை. பட்டியின் அடிமுனை தரையிலிருந்து மூன்று அங்குலமாவது மேலே நிற்கட்டும். அடிப்பதற்கு முன்பே வெட்டுமுனைகளில் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிவிடுங்கள்.

குழி தோண்டுமுன் பட்டாவையும் நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் வைத்து எல்லைக்கல்லைப் பாருங்கள். கல் காணாமல் போயிருந்தால், முறைப்படி மனுக் கொடுத்து நில அளவையரை வரவழைத்து அளந்த பிறகு, இரு வீட்டாரும் ஆளுக்கொரு முனையில் கயிறு பிடித்துக் கோடு போடுங்கள்.